நிழல் விலை

நான் தோசை சுடும் நேரத்தில் சமையலறைக்குள் போனால் அம்மாவுக்குப் பிடிக்காது. எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் உகப்பாக்கம் என்ற பாடத்தை எடுத்த பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு அடுப்பு, ஒரு தோசைக்கல், ஒரு குக்கர், சாப்பிட நாலு பேர். எதை முதலில் வைத்தால் எல்லோரும் சீக்கிரம் கிளம்பலாம் என்று நான் கதவோரம் நின்று சொல்லிக்கொண்டிருப்பேன். "நீ கணக்கு போட்டுக்கினு நின்னா மாவு தானா கல்லுல ஊத்திக்குமா? தள்ளு" என்பாள் அம்மா. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பா தறியில் இருந்தபடியே, முதலில் சட்னியை அரைக்கச் சொல்லு என்று தன் பங்குக்கு ஒரு யோசனை சொல்வார்.

உகப்பாக்கம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று கேள்விகள்தான். உனக்கு என்ன வேண்டும்? எதையெல்லாம் மாற்றிக்கொள்ள உன் கையில் இடம் இருக்கிறது? எதை மீறவே கூடாது? இந்த மூன்றையும் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், இருப்பதிலேயே நல்ல விடையை அது தேடித் தரும். லாரிக்கு வழி கண்டுபிடிப்பது, மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு ஷிப்ட் போடுவது, கிடங்கில் எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று உலகத்தில் பாதி வேலை இந்த மூன்று கேள்விக்குள் அடங்கிவிடும். படித்த முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ், கல்யாணப் பந்தி, கோயில் வரிசை என்று எதைப் பார்த்தாலும் மனசு கணக்காக மாற்றிப் பார்த்தது.

அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது கேள்வி. மீறக்கூடாது என்று ஒன்றை எழுதிவிட்டால், எவ்வளவு ஆதாயம் வந்தாலும் கணக்கு அதைத் தொடாது. யார் கெஞ்சினாலும் தொடாது, யார் மிரட்டினாலும் தொடாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத மனிதர்களை நிறையப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இதே பாடத்தில் கொஞ்சம் இறங்கிப் போகிற வழியும் உண்டு. மீறவே கூடாது என்று எழுதாமல், மீறினால் இவ்வளவு அபராதம் என்று எழுதலாம். அது யார் பையிலிருந்தும் போகும் காசு இல்லை, கணக்குக்குள் சேர்க்கும் வெறும் எண். ஆனால் அந்த எண்ணை எழுதிய உடனே அந்த நிபந்தனைக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. தாண்டிப் போவது மலிவாக இருந்தால் கணக்கு தாண்டிப் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது, அதன் பெயர் நிழல் விலை. ஒரு நிபந்தனையை இறுக்கிப் பிடிப்பதால் நமக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை அது சொல்லும். கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வருவதால் அந்தப் பெயர் வைத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பாடத்தை நான் தனியாகப் படிக்கவில்லை. எனக்கு ஒரு தோழி இருந்தாள்.

எங்கள் கல்லூரி ஏனாத்தூர் பக்கம். கல்லூரி பஸ் காலையில் மாகறலில் கிளம்பி, வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு, கடைசியாக ஐயம்பேட்டையில் எங்கள் தெருமுனைக்கு வரும். அவளுக்கு மாகறல், முதல் ஸ்டாப். எனக்குக் கடைசி ஸ்டாப். நான் ஏறும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருக்கும். ஆனால் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் மட்டும் அவளுடைய பை உட்கார்ந்திருக்கும். வழியில் யார் கேட்டாலும் "ஆள் வருதுபா" என்று சொல்லிவிடுவாள். சீனியர்கள் முறைத்திருக்கிறார்கள், ஒரு முறை கண்டக்டர் அண்ணன் கூடச் சத்தம் போட்டார். அவள் பையை எடுக்கவே இல்லை. இரண்டு வருடம் எனக்கு அந்த ஸீட் இருந்தது.

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அவளோ எதற்கும் குரலை உயர்த்த மாட்டாள். பரீட்சையில் மார்க் குறைந்தாலும், கேன்டீனில் சாம்பார் தீர்ந்துபோனாலும் ஒரே முகம்தான். கோபப்படாதவர்களை நம்பலாம் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. கத்துகிறவர்கள் மனதில் இருப்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள், நமக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கிறது.

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். கல்லூரிப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வரும் ஜூனில் இருந்து ஒரு பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள், அந்த பஸ் போன ஊர்களை மற்ற பஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். "புஸ்தகக் கணக்கு எதுக்கும்மா? இதப் பண்ணுங்க. நிஜ பஸ், நிஜ ஜனங்க. நீங்க போடுற ரூட்டுலதான் வண்டி ஓடும்" என்றார். நாங்கள் போட்ட கணக்கில் ஒரு நிஜ பஸ் ஓடும் என்பதை நினைத்து அன்று கேன்டீனில் ஆளுக்கு இரண்டு சமோசா சாப்பிட்டோம்.

நான் தாளில் சமன்பாடுகளை எழுதுவேன், அவள் கம்ப்யூட்டரில் அடிப்பாள். அவளுக்கு விரல்கள் வேகம். முதல் நாளே நாங்கள் சேர்ந்து எழுதிய முதல் நிபந்தனை, இப்போது பெண்கள் ஏறுகிற எந்த ஸ்டாப்பும் விடுபடக்கூடாது என்பது. அதற்குக் காரணம் கேட்க இருவருக்குமே தேவை இருக்கவில்லை. பஸ் ஊருக்குள் வருகிறது என்பதால்தான் அவளை அவள் அப்பா படிக்க அனுப்பினார். என் அம்மாவும் அப்படித்தான். "காலேஜ் பஸ்ஸு தெரு மொனைக்கு வருதா, போ. ஷேர் ஆட்டோல எவன் பக்கத்துல உக்காரணுமோ, அதெல்லாம் வேணாம்" என்பது அம்மாவின் ஒரே சட்டம். அவளிடம் அபராதம் என்கிற பேச்சே கிடையாது.

எனக்கு அந்த நிபந்தனையில் கூடுதலாக ஓர் அக்கறை இருந்தது. நான் ஏப்ரலில் படிப்பை முடித்துவிடுவேன். ஜூனில் என் தங்கை சேர வேண்டும், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதே கல்லூரியில். அப்போது நான் கூடப் போக இருக்க மாட்டேன். பஸ் வந்தால் அவள் படிப்பாள், வராவிட்டால் அம்மா விட மாட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தோழிக்கும் தெரியும், ஏனென்றால் தங்கையின் விண்ணப்பத்தைக் கல்லூரி லேபில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்ததே அவள்தான்.

முதல் தடவை கணக்கை ஓட்டியபோது கம்ப்யூட்டர் பஸ்ஸை நேராக எங்கள் தெருவுக்குள் விட்டது. வரைபடத்தில் அது தெரு. ஆனால் காலை நேரத்தில் அதில் வண்டி போகாது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளை, நீட்டிக் கட்டி, அறுந்த இழையை எல்லாம் தேடித்தேடி முடிந்துகொண்டிருப்பார்கள். பைக்கில் வருகிறவன்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். "ஏய், நம்ம பஸ்ஸு பாவு மேல ஏறிப் போவுதுடி" என்று சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவள் விவசாயக் குடும்பத்துப் பெண். "பஸ்ஸு வர்ற நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் சுருட்டி வெச்சிக்க மாட்டாங்களா?" என்றாள்.

"பாவு என்ன பாயா, சுருட்டி வெச்சிக்கறதுக்கு?"

"எனக்கு என்னடி தெரியும்? எங்க ஊர்ல நெல்லு காயப் போட்டா பஸ்ஸு அது மேலயே போவுது" என்றாள் சாதாரணமாக.

பழைய டிரைவர் யாரும் சொல்லாமலேயே ஏரிக்கரை வழியாகச் சுற்றித் தெருமுனைக்கு வந்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாவு நீட்டியிருக்கும் நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வண்டி நுழையக்கூடாது என்று இன்னொரு வரி எழுதினோம். திரும்ப ஓட்டினோம். இந்தத் தடவை எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிய ஒரு விடை வந்தது. நிறுத்தப்போகிற பஸ்ஸின் ஊர்கள் சிலவும் எங்கள் பஸ்ஸில் சேர்ந்துவிட்டதால், மாகறலில் வண்டி இப்போதைவிடக் கால் மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் கால் மணி முன்னாடியா?" என்றாள்.

"ஏன்டி, தூக்கம் கெட்டுடுமா?" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாகத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் எனக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வுகள். பொருள்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் வண்டிகளுக்கு வழி போடுகிற வேலை. உகப்பாக்கம் படித்தவர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் திரும்பிவர நாளாகும் என்பதால், அறிக்கையின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல நான் போன் செய்தபோது அவளும் ஒரு செய்தி சொன்னாள். "ரிப்போர்ட்ட குடுத்துட்டேன்டி. நம்ம போட்டபடியேதான். சார் சூப்பர்ன்னாரு." வாய்கூசாமல் சொன்னாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் ஒரு தடுமாற்றம் இருந்திருந்தால்கூடப் பிறகு மனசு ஆறியிருக்கும்.

தங்கைக்கு ஸீட் கிடைத்தது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், எங்கக்கா போட்ட ரூட்டுலதான் இந்த வருஷம் காலேஜ் பஸ்ஸே ஓடப்போகுது என்று. பாவு நீட்டுகிறவர்களிடம் போய், உங்களுக்காக பஸ்ஸைச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறாள் அக்கா என்று பெருமை பேசினாள். எதிர்வீட்டு அத்தை என்னைக் கூப்பிட்டுக் கையில் பூ கொடுத்தார். எனக்கும் உள்ளுக்குள் கர்வமாகத்தான் இருந்தது.

ஜூனில் பணம் கட்டுவதற்குச் சில நாள் முன்னால், புதிதாகச் சேருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பஸ் விவரம் வந்தது. தங்கை போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஐயம்பேட்டை அதில் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு பேரும் தேடினோம். விடுபட்ட ஊர்க்காரர்கள் அருகிலுள்ள ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. அருகிலுள்ள ஸ்டாப்புக்குப் போக ஷேர் ஆட்டோதான் பிடிக்க வேண்டும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முதலில் எனக்குப் பேராசிரியர் மேல்தான் கோபம் வந்தது. பஸ் ஓட்டுகிற கான்ட்ராக்டர் எதையாவது சொல்லியிருப்பான், இவர் தலையாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நேராகக் கல்லூரிக்குப் போனேன். போன வேகத்தில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஐயம்பேட்டைய எதுக்கு சார் எடுத்தீங்க?" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். "நாங்க ஒண்ணும் எடுக்கலயேம்மா. உங்க ரிப்போர்ட்டுல வந்ததத்தான் போட்டிருக்குது. ஸ்டாப்ப விட்டா இவ்ளோ அபராதம்னு வெச்சுக் கணக்கு பண்ணியிருக்கோம்னு எழுதியிருந்தீங்களே. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்குதே" என்றார்.

அபராதம் என்ற சொல் வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. மீறவே கூடாது என்று நாங்கள் எழுதியதை யாரோ மீறினால் பரவாயில்லை என்று மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அடித்தது அவள்தான். அப்போதும் என் மனசு அவளுக்கு வக்காலத்து வாங்கியது. விடை வரவில்லை என்று பயந்து நிபந்தனையைத் தளர்த்தியிருப்பாள், கம்ப்யூட்டர் எங்கள் ஊரைக் கழித்துவிட்டிருக்கும், அவள் கவனித்திருக்க மாட்டாள். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே திரும்பும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோ பாதி வழி போவதற்குள் படிப்பு வேலை செய்தது. அபராதம் என்றால் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்றுதான் வைப்பார்கள். எங்கள் ஸ்டாப்பில் ஏறுவது ஒரு கூட்டம். மாகறலில் அவளையும் சேர்த்து இரண்டு மூன்று பேர். எங்கள் ஊரை விட்டால் மிச்சமாவது ஏரிக்கரைச் சுற்று மட்டும். மாகறலை விட்டால் மிச்சமாவது அத்தனை தூரம். ஆள் குறைவு, தூரம் அதிகம். எந்தக் கம்ப்யூட்டரும் முதலில் மாகறலைத்தான் கழித்துவிட்டிருக்கும். ஆனால் மாகறல் பட்டியலின் தலையில் இருந்தது. அதுவும் பழைய நேரத்திலேயே இருந்தது.

அப்படியென்றால் ஒரே ஓர் ஊருக்கு மட்டும் மீறக்கூடாது என்பது அப்படியே விடப்பட்டிருக்கிறது. அந்த ஊரின் நேரத்தையும் மாற்றக்கூடாது என்று புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மற்ற ஊர்களுக்கெல்லாம் விலை போட்டாகிவிட்டது. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். ஆட்டோவில் எதிரே இருந்த அம்மாள் ஏன்மா அழுவுற என்று கேட்டபிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே மாகறலுக்கு பஸ் ஏறினேன். அவள் வீட்டுக்கு முன்பே இரண்டு முறை போயிருக்கிறேன், பொங்கலுக்கு ஒரு தடவை, கோயில் உற்சவத்துக்கு ஒரு தடவை. அவள் அப்போதுதான் காலி பால் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் அவள் அண்ணன் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அம்மா என்னை உள்ளே வரச் சொல்லி டீ போடப் போனார்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?" என்றாள்.

"இங்க பஸ்ஸு பழைய டைமுக்கே வருதாமே" என்றேன்.

அவள் கேனைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. மறுப்பாள் என்றுதான் நான் வழியெல்லாம் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். "கால் மணி முன்னாடி வந்தா பாலு யாரு ஊத்துறது? சொசைட்டில அதுக்கு முன்னாடி எடுக்க மாட்டாங்க. கறந்து, கொண்டுபோய் ஊத்திட்டு வந்தாத்தான் நான் பஸ் ஏற முடியும்" என்றாள் மெல்லிய குரலில். அவள் அதே வளாகத்தில் பி.எட். சேருகிறாள். இன்னும் இரண்டு வருடம் அதே பஸ்.

"உங்கண்ணன் ஊத்தட்டும்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். "அத எப்டிடி கேக்குறது?"

"கேட்டியா?"

"கேட்டா சண்டதான் வரும். வீட்டு வேலைக்கு ஆகலன்னா படிப்பு எதுக்குன்னு அப்பா சொல்லுவாரு."

"சரி. என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"உன்னக் கேட்டா நீ கத்துவ" என்றாள். பிறகு, எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, "உங்க ஊருக்குத்தான் ஷேர் ஆட்டோ இருக்குதே. எங்க ஊருக்கு என்னா இருக்குது? உனக்கும் வேலை கெடச்சிடுச்சி" என்றாள்.

நான் கத்துவேன் என்பது உண்மை. கத்திவிட்டு அரை மணியில் காகிதத்தை எடுத்துக்கொண்டு வேறு வழி தேட உட்கார்ந்திருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரியும், இரண்டு வருடம் பார்த்திருக்கிறாள். ஓர் அண்ணனிடம் பால் கேனைத் தூக்கச் சொல்ல வாய் வராமல், என் தங்கையை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாள். அன்று நான் கத்தவில்லை. டீயும் குடிக்கவில்லை. அவள் அம்மா டம்ளரோடு வெளியே வந்தபோது நான் தெருவில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவளுடைய கஷ்டத்தையும் மறைக்காமல் ஒரு நிபந்தனையாக எழுதினேன்: மாகறலில் பழைய நேரத்துக்கு முன்னால் பஸ் கிளம்பக்கூடாது. பெண்கள் ஏறும் எந்த ஸ்டாப்பும் விடுபடக்கூடாது என்பதையும் பழையபடி எழுதினேன். பாவு வரியும் இருந்தது. ஓட்டினேன். விடை வந்துவிட்டது. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வருகிற இன்னொரு பஸ் மெயின் ரோட்டைவிட்டு இறங்கி, எங்கள் தெருமுனையைத் தொட்டுவிட்டுப் போனால் போதும். அவள் பாலும் ஊற்றலாம், தங்கை படிக்கவும் செய்யலாம்.

எங்கள் தெருவை விடாமல் வைத்துக்கொள்வதற்கு எவ்வளவு செலவு என்று பார்த்தேன். ஒரு ஊருக்குப் போகும் அல்லது போகாது என்று மட்டுமே விடை வருகிற இந்த மாதிரி முழு எண் கணக்குகளில் நிழல் விலையை அப்படியே சொல்ல முடியாது, அது எனக்குத் தெரியும். அதனால் ஸ்டாப்பை வைத்தும் எடுத்தும் இரண்டு முறை ஓட்டி வித்தியாசத்தைப் பார்த்தேன். நாளைக்குக் கொஞ்சம் டீசல். ஒரு ஆள் கடையில் நின்று டீ குடிக்கிற காசு. அவள் எழுதிய அபராதம் அதைவிடவும் குறைவாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு எங்களை விட்டிருக்காது. என்னைக் காட்டிக்கொடுத்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இவ்வளவு மலிவாகக் காட்டிக்கொடுத்தாளே என்றுதான் வலித்தது. எங்கள் இருவரில் ஒருவர்தான் பிழைக்க முடியும் என்று இருந்து, அவள் தன்னைத் தேர்ந்தெடுத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

அந்த விடையை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார், நல்லாத்தான் இருக்குது என்றார். "இத ஏப்ரல்லயே குடுத்திருந்தா பண்ணியிருக்கலாம்மா. கான்ட்ராக்டருக்கு எழுதிக் குடுத்தாச்சி. அடுத்த வருஷம் பாக்கலாம்." அடுத்த வருஷமும் யாரும் பார்க்கவில்லை.

அம்மாவிடம் கெஞ்சினேன். ஷேர் ஆட்டோவில் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போகிறார்கள், இவளும் போகட்டும் என்றேன். அப்பாவையும் பேசச் சொன்னேன். "ஒரு நாளு ரெண்டு நாளா? மூணு வருஷம். நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு தறியில உக்கார முடியாது" என்றாள் அம்மா. பணம் கட்டும் கடைசி நாள் அப்படியே போய்விட்டது.

தங்கை என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசியபோது ஒரே கேள்விதான் கேட்டாள். "அக்கா, அந்த ரிப்போர்ட்டுல உன் பேரும் இருக்குதாமே?" நான் நடந்ததை எல்லாம் விளக்கினேன். நிபந்தனை, அபராதம், மாகறல், பால் கேன் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் ஒருவருக்கும் விளக்க முடியவில்லை. அக்கா போட்ட கணக்கில் தங்கை ஸ்டாப் போய்விட்டது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்த கதை. எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவர் பேத்தியும் அதே ஸ்டாப்தான்.

தங்கை அஞ்சல் வழியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் இல்லை, வேறு ஏதோ. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் ஆள் எடுத்தார்கள். சேலையைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை. அம்மாவே விசாரித்துச் சேர்த்துவிட்டாள். போய்வர ஷேர் ஆட்டோதான். படிப்புக்கு ஆகாத ஷேர் ஆட்டோ சம்பளத்துக்கு ஆனது எப்படி என்று நான் போனில் சண்டை போட்டேன். "அது வேற, இது வேற" என்றாள் அம்மா. அம்மாவின் சட்டத்துக்கும் உள்ளே ஒரு விலை இருந்திருக்கிறது. அதை நான் மீறவே முடியாதது என்று நம்பி எழுதியிருந்தேன்.

இப்போது நான் சென்னையில் அதே வேலையில்தான் இருக்கிறேன். கூட்டங்களில் யாராவது, இந்த நிபந்தனையைத் தளர்த்தி அபராதமாக வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். இவள் ஒரு சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், இருக்கட்டும். தோழி எனக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினாள், கடைசியாக வந்தது கல்யாணப் பத்திரிகை. நான் போகவில்லை, பதிலும் எழுதவில்லை. மன்னிக்க வேண்டும் என்று தோன்றும் நாள்களில் அந்த ஜன்னலோர ஸீட்டும் நினைவுக்கு வருகிறது, உடனே கோபம் இரண்டு மடங்காகிறது. எத்தனை பேரை எதிர்த்து எனக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்தவள் அவள்.

போன வாரம் தங்கை கடைக்குப் போகிற வழியில் போன் செய்தாள். பின்னால் ஆட்டோ சத்தம். அந்த பஸ் டிரைவரின் மனைவி முந்தின நாள் சேலை எடுக்க வந்தாராம். பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார், மாகறலில் இப்போது ஏற ஆளே இல்லை, அங்கிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த பெண் பி.எட்.டைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போய்விட்டது, மற்றவர்களும் முடித்துவிட்டார்கள், ஆனாலும் ரூட் சார்ட்டில் இருக்கிறதே என்று தன் வீட்டுக்காரர் தினமும் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கோயில் பக்கத்தில் திருப்பிக்கொண்டு வருகிறார் என்று.

"ஏங்க்கா, ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குப் போவுது?" என்று கேட்டாள் தங்கை.

"அந்த ஊர விடவே கூடாதுன்னு எழுதியிருக்குது, அதான்."

"நம்ம ஊருக்கு என்னா எழுதியிருந்துச்சி?"

"விட்டா அபராதம்னு."

ஆட்டோ எங்கேயோ நின்று ஆள் ஏற்றியது. தள்ளி உக்காரும்மா என்று யாரோ ஓர் ஆண்குரல் சொன்னது கேட்டது. தங்கை நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அத யாருக்கா கட்டுனாங்க?" என்றாள்.